விலை எழுதும் கட்டம்

அது குடிக்கிற தண்ணீர் இல்லை அக்கா. டீ கொட்டின மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் பார்ப்பது தெரிகிறது. வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த இலையை ஊறப் போட்டால் இப்படித்தான் நிறம் இறங்கும். மீனுக்கான தண்ணீர். இல்லை, உள்ளே மீன் இல்லை. போகும்போது வெறும் தண்ணீர்தான். வரும்போதுதான் மீன் இருக்கும். இந்த டப்பாவை உங்கள் காலருகே வைத்துக்கொள்ளட்டுமா? என் பெண் இவள், தூக்கத்தில் உதைத்துவிடுவாள். மூடி இறுக்கம்தான், புடவையில் படாது.

விழுப்புரம்தான் அக்கா. நீங்களும் அங்கேதானா? நல்லதாகப் போயிற்று. எனக்கு அந்த ஊர் தெரியாது. பார்சல் சீட்டில் இருந்த விலாசத்தைத் தாளில் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். இறங்கினதும் எந்தப் பக்கம் என்று மட்டும் கை காட்டிவிடுங்கள்.

நான் இப்படி யாரிடமும் பேசுகிறவள் இல்லை. கூட வந்த பெண் ஊமையோ என்று நினைத்துவிடுவார்கள், அவ்வளவு. இன்றைக்கு வேறு வழியில்லை. அங்கே போய் ஒருவரிடம் பேச வேண்டும். வீட்டிலிருந்து கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் மனசுக்குள்ளேயே பேசிப் பார்த்தேன், ஒன்றும் சேர்ந்து வரவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அங்கேயும் வந்துவிடும் என்று தோன்றியது. காது கொடுப்பீர்களா? தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

என் பெயர் அமுலு. கொளத்தூரில் இருக்கிறோம். இவள் மோனிஷா, ஆடி வந்தால் நாலு வயது. இவள் அப்பாவுக்குப் பாடியில் லேத் பட்டறை வேலை. எங்கள் பக்கம் வந்திருக்கிறீர்களா? தெருவுக்குத் தெரு கலர் மீன் வளர்ப்பார்கள். நான் ஒரு பண்ணையில் தொட்டி கழுவப் போனேன், இவள் வயிற்றில் இருந்தபோது. நிறம் மங்கல், வால் கோணல் என்றால் அங்கே மீனைச் சாக்கடையில் ஊற்றிவிடுவார்கள். ஒருநாள் பெண் மீன் ஒன்றை ஊற்றப் போனார்கள். ஃபைட்டர் மீன். சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமில்லை. நான் கேட்கக்கூட இல்லை அக்கா. கையை மட்டும் நீட்டினேன். பண்ணைக்காரர் என் கையில் ஊற்றிவிட்டார்.

அப்படி ஆரம்பித்தது. ஒரு சிவப்பு ஆணோடு சேர்த்தேன். பிறந்ததில் நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டு மறுபடி சேர்த்தேன். மூன்றாவது தடவை பொரித்த ஈட்டில் ஒருத்தன் வந்தான் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்த செம்புப் பானை நிறம். வாலின் ஓரம் மட்டும் வானத்து நீலம், அதுவும் கோடு போட்ட மாதிரி. அந்த நிறம் எங்கள் தெருவில் எவரிடமும் கிடையாது. பண்ணைக்காரரே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "எங்க புடிச்ச?" என்றார். பிடித்தேனாம்.

இந்த மீனில் தகப்பன்தான் பிள்ளை வளர்ப்பான், தெரியுமா? தண்ணீர் மேலே நுரையால் கூடு கட்டுவான். முட்டை கீழே விழுந்தால் வாயில் கவ்விக்கொண்டு போய்த் திரும்ப வைப்பான். சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான். தாயை நாம்தான் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளையும் விரட்டி அடிப்பான். மோனிஷா அவனை 'அப்பா மீன்' என்பாள். இவள் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் யாருடி, கருவாடா?" என்று சிரிப்பார். நல்லவர்தான் அக்கா. அவரைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் திருத்திக்கொள்ளுங்கள்.

விற்கிறதுதான் எனக்கு வராது. விலை சொல்ல வாய் வராது. காய்கறி வண்டியில்கூட வண்டிக்காரர் சொன்னதுதான் விலை, நான் குறைத்துக் கேட்டதில்லை. ஒருதடவை ஒருவர் வாசலுக்கே வந்து, "இந்த மீன் எவ்ளோம்மா?" என்றார். நான் இதோ வருகிறேன் என்று உள்ளே போனேன். போனவள் போனவள்தான். அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எதிர்வீட்டு பியூலா அக்காதான் என் போனில் 'துள்ளல்' என்று ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். மீன் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் மட்டும் இருக்கிற இடம். அதில் அப்போது ஏலம் மட்டும்தான். ஞாயிறு காலையில் மீனின் போட்டோ போட வேண்டும், புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏலம் முடியும். தொடக்க விலை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எல்லோரும் ஒன்று என்று போடுவார்கள். ஒரு ரூபாய். அங்கே அதுதான் வழக்கம். அதற்கு மேல் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். அவர்களே கேட்பார்கள், அவர்களே ஏற்றுவார்கள். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். என்னை மாதிரி ஆளுக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது போல இருந்தது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலங்களை எப்படிச் சொல்வது? அஞ்சு மணிக்கே அடுப்பு வேலையை முடித்துவிட்டு இவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நான் ஆறாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதற்குள் அங்கே நாலு பேர் ஏற்றியிருப்பார்கள். சேலத்துக்காரர் ஒருவர், குமரேசன் என்று பெயர், அவர் வந்தால் ஒரே கூத்துதான்.

"நூத்தி அறுவது."

"நூத்தி எழுவது. விட்டுடு சேலம்."

"விடமாட்டேன். என் சம்சாரம் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. இன்னைக்கு முந்நூறு வரைக்கும் போவேன்."

"அவங்க நம்பர் என்கிட்ட இருக்கு. போடவா?"

படித்துப் படித்துச் சிரிப்பேன். இவளுக்கும் புரிந்த மாதிரி கையைத் தட்டுவாள்.

அதில் விழுப்புரம் ஞானவேல் என்று ஒருவர். அவர் முதலில் பேசவே மாட்டார். ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வருவார். ஒரே ஒரு விலை போடுவார், எல்லோரும் அடங்கிவிடுவார்கள். என் மீன் என்றால் பாதிக்குப் பாதி அவர்தான் எடுப்பார். ஒருதடவை எல்லோரும் பார்க்க எழுதினார்: 'அமுலு தங்கச்சி வளர்த்த மீனுக்குத் தனி களை.' நான் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் அக்கா. காட்டட்டுமா? சரி, அப்புறம் காட்டுகிறேன். வீட்டில் ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னதில்லை. இவர் முகம் தெரியாதவர், ஊர் பார்க்க எழுதுகிறார்.

போன மார்கழியில் அந்தச் செம்பு நிறத்து அப்பா மீனை ஏலத்தில் போட்டேன். விற்கிறதற்கு இல்லை. நம்பமாட்டீர்கள், கேட்கிறதற்கு. ஊர் என்ன சொல்லும் என்று காதால் கேட்க ஒரு ஆசை. முடிகிறதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு வசதி இருந்தது. அன்றைக்கு ஐம்பது அறுபது பேர் பார்த்தார்கள். ஆயிரம் தாண்டினபோதே இவளை மடியிலிருந்து இறக்கிவிட்டேன். ஞானவேல் அண்ணன் வந்தார். இரண்டாயிரத்து அறுநூறு. அதற்கு மேல் ஒருவரும் ஏற்றவில்லை. நான் பத்து எண்ணுவதற்குள் மீனை எடுத்துவிட்டேன்.

"ஏம்மா, ஆசை காட்டி எடுத்துட்ட?" என்று எழுதினார். பக்கத்தில் சிரிக்கிற பொம்மை. கோபமே படவில்லை. அப்படிப்பட்டவர்.

அன்றைக்கு இவள் அப்பாவிடம் காட்டினேன். அவர் பட்டறையிலிருந்து வந்து கைகூடக் கழுவவில்லை, போனை வாங்கிப் பார்த்துவிட்டு ஜாடி முன்னால் போய் உட்கார்ந்தார். "டேய், உனக்கு என்னைவிட கிராக்கி ஜாஸ்திடா" என்றார் மீனைப் பார்த்து. அதற்கப்புறம் நாலைந்து மாதம் நான் வேலைக்குப் போகிற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அம்பத்தூரில் துணி கம்பெனி இருக்கிறதே, வேன் வரும், அங்கே என்னைச் சேர்த்துவிட வேண்டும் என்று அவருக்கு எப்போதும் உண்டு. இவளை யார் பார்ப்பது? என் நாத்தனார் வீட்டில் விடலாம் என்பார். ஒருதடவை விட்டோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை இவள் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. என்னைப் பார்த்ததும் அழவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செங்கல்பட்டு போய்விட்டதா? கவனிக்கவே இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், கூட்டம் குறைந்தது. ஏன் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. என் மீனில்தான் குறையோ என்று நினைத்தேன். தண்ணீரை மாற்றினேன், தீனியை மாற்றினேன். சேலத்துக்காரர் ஒரு புதன்கிழமை எழுதினார்: 'மூணு வாரமா கடைசி நிமிசத்துல தோத்துட்டேன். வெறுத்துப் போய்க் கடையில வாங்கிட்டேன். எல்லாரும் நல்லா இருங்க.' அதோடு அவர் வரவில்லை. ஒரு டீச்சரம்மா எழுதினார்கள், பையனுக்கு நாளைக்குப் பிறந்தநாள், புதன்கிழமை வரை உட்கார்ந்து ஏலம் கேட்டால் கேக் வெட்டுகிறது எப்போது என்று. நியாயம்தானே?

அப்புறம் பெரிய பெரிய கடைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். நீல மீன், ஒரே மாதிரி இருநூறு உருப்படி. இருநூறுக்கும் ஒரே போட்டோ. அவர்களுக்கு ஏலமெல்லாம் கிடையாது. விலை இவ்வளவு, அமுக்கினால் நாளைக்கு வீட்டில். ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. என் கடைசி ஏலத்தில் கேட்க வந்தவர் ஒரே ஒருவர். ஞானவேல் அண்ணன். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. பதினோரு ரூபாய்க்கு முடிந்தது. நல்ல மீன் அக்கா, அப்பா மீனுடைய சொந்தப் பிள்ளை. "கூட்டமே இல்லம்மா, நான் என்ன பண்றது" என்று அவரே வருத்தப்பட்டு எழுதினார். எழுத வேண்டிய அவசியமே இல்லை அவருக்கு. இருந்தும் எழுதினார் பாருங்கள்.

அடுத்த வாரம் ஆப் மாறிவிட்டது. ஏலம் என்கிற பொத்தானையே காணோம். தொடக்க விலை என்று இருந்த கட்டம் அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் 'விலை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். போட்டோ போடுவேன், பெயர் எழுதுவேன், அந்தக் கட்டத்துக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஒரு மாதம் ஒரு மீன் போடவில்லை.

ஆப் கம்பெனியிலிருந்து ஹேமலதா மேடம் என்று ஒருவர் போன் செய்தார். தங்கமான குரல்.

"ஏன் அமுலு, ஒண்ணுமே போடல?"

"ஏலம் இல்லையே மேடம்."

"அது இனிமே வராதும்மா. மூணு நாள் காத்திருக்க யாருக்கும் பொழுதில்ல. காத்திருந்தாலும் கிடைக்குமான்னு தெரியாது. பத்துப் பேர் இருந்தாதான் ஏலம் ஏறும், ரெண்டு பேர் இருந்தா உங்களுக்குத்தான் நஷ்டம். ஏலம்ங்கிறது ஒண்ணே ஒண்ணு இருக்கிற பொருளுக்குச் சரி. எல்லார்கிட்டயும் இருக்கிற பொருளுக்கு விலையைப் போட்டுட்டுப் போயிடலாம். ஆரம்பத்துல இது எல்லாருக்கும் விளையாட்டா இருந்துச்சு. இப்ப இது கடை."

என் மீனும் ஒன்றே ஒன்றுதானே மேடம் என்று கேட்கத்தான் நினைத்தேன். "சரிங்க மேடம்" என்றேன்.

"பயப்படாம ஏதாவது ஒரு விலை போடுங்க. பாக்குறவங்க கேப்பாங்க."

இதைத்தான் அக்கா, இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அவர்கள் சொன்னது, கூட இருக்கிறதே, குறைத்துக் கொடுங்கள் என்று கேட்பார்கள் என்கிற அர்த்தத்தில். எனக்கு அது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் புதன்கிழமைதான். ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் ஏற்ற வேண்டும், மற்றவர்கள் சும்மா இரு என்று சிரிக்க வேண்டும், கடைசியில் நிற்பதுதான் விலை. நானாக ஒரு எண்ணை எழுதி, அதுதான் விலை, அதோடு முடிந்தது என்றால் எனக்கு அது எப்படித் தோன்றும்?

அன்றைக்குப் புதன்கிழமை. வீடு அமைதியாக இருந்தது. முந்தின நாள்தான் இவள் அப்பா, "ஒண்ணாம் தேதி வேன் வரும், பேசிட்டேன்" என்று சொல்லியிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு மாதமாக நான் விற்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த இரண்டாயிரத்து அறுநூறை மறுபடி ஒருதடவை எல்லோரும் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் வேனை நிறுத்திவிடுவார். அப்பா மீனைப் போட்டோ எடுத்தேன். கட்டத்தில் ஒன்று என்று போட்டேன். எத்தனை தடவை போட்ட எண், கை தானாகப் போட்டது. சரி, கேட்க ஆரம்பிப்பார்கள், ஆயிரம் தாண்டினதும் எடுத்துவிடலாம் என்று போனை ஜன்னலில் வைத்துவிட்டு இவளுக்கு முகம் கழுவப் போனேன்.

முகம் துடைக்கக்கூட இல்லை. டிங் என்றது.

'வாழ்த்துகள்! உங்கள் பொருள் விற்றுவிட்டது.' மஞ்சள் பூ உதிர்கிற மாதிரி ஒரு படம். வாங்கினவர், விழுப்புரம் ஞானவேல்.

முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, அவர் கையில் போயிற்றே என்று. வேறு எவனாவது எடுத்திருந்தால்? என் மீனின் அருமை தெரிந்தவர். வேறு யாரும் பறிக்கிறதற்கு முன்னால் ஓடி வந்து பிடித்திருக்கிறார். இப்போதும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

மேடத்துக்கு போன் செய்தேன். நானாக ஒருவருக்கு போன் செய்தது அதுதான் முதல் தடவை. "ஐயோ அமுலு, ஒண்ணுன்னா போட்டீங்க? நாளைக்குள்ள அனுப்பலன்னா உங்க கடையையே மூடிடுவாங்களே" என்றார்கள். "அவர்கிட்ட கேளுங்க. வாங்கினவரே ரத்து பண்ணிட்டா ஒரு பிரச்சனையும் இல்ல. ஒரு வார்த்தை கேட்டா பண்ணிடுவார்."

ஒரு வார்த்தை. அதைத்தான் எழுதி எழுதி அழித்தேன். 'அண்ணா தெரியாமல் போட்டுவிட்டேன், தயவு செய்து' வரைக்கும் எழுதுவேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி இருக்கும். அவர் என்ன நினைப்பார்? போன மார்கழியிலும் ஆசை காட்டி எடுத்தேனே, மறுபடியுமா என்று நினைக்க மாட்டாரா? கடைசியில் ஒன்றே ஒன்று அனுப்பினேன். 'அண்ணா, இதுதான் தகப்பன் மீன்.'

அதைப் படித்தால் போதும், புரிந்துகொள்வார் என்று.

உடனே பதில் வந்தது. 'தெரியும்மா. பத்திரமா பேக் பண்ணு.' கட்டை விரல் தூக்கின படம்.

தெரியும் என்கிறார் பாருங்கள். தெரிந்தவரிடம் இதற்கு மேல் என்ன விளக்குவது? அவரிடமே இருக்கட்டும், கேட்கும்போது தருவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பேக் பண்ணினேன். காற்று அடைத்து, இரட்டைப் பை போட்டு, இலைத் துண்டு ஒன்று உள்ளே வைத்து. பார்சல்காரர் வண்டியில் வைக்கும்போது மோனிஷா, "அப்பா மீனு ஆபீஸ் போவுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாயங்காலம் வந்துவிடும் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தினம் சாயங்காலம் ஜாடி முன்னால் போய் நிற்கிறாள்.

நாலாவது நாள் அவர் எனக்கு அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருந்தார். 'மிகவும் நியாயமான விலை. நம்பிக்கையான விற்பனையாளர்.' எனக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தில் அதைக் கொண்டுபோய் இவள் அப்பாவிடம் காட்டினேன். அதுவரைக்கும் அவரிடம் எதையும் சொல்லவில்லை, மீன் மொட்டை மாடித் தொட்டியில் இருக்கிறது என்று மழுப்பி வைத்திருந்தேன். அவர் படித்தார். திரும்பப் படித்தார்.

"எவ்ளோக்குடி வித்த?"

நான் விரலைக் காட்டினேன். ஒரு விரல்.

"ஆயிரமா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவர் என்னை அடிக்கவில்லை அக்கா. அடிக்கிறவர் இல்லை. சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "வெறும் அண்ணன் இல்லடி, அவன் உனக்கு எமன்" என்றார். அப்புறம் ஒண்ணாம் தேதி வேன் நிற்கிற இடத்தைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஒத்த ரூபா, தண்ணி எடுத்துட்டு வா" என்கிறார்.

மேல்மருவத்தூரில் டீக்கு நிறுத்துவான் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை.

போன வாரம் பியூலா அக்கா ஓடி வந்து, "அமுலு, இது உன் மீனு மாதிரியே இருக்குல்ல?" என்று போனைக் காட்டினாள். அவனேதான். கறுப்புத் துணி பின்னால் வைத்து, விளக்குப் போட்டு எடுத்திருக்கிறார், அவ்வளவு அழகு. வால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, ஜாடி மூடியில் பட்டது, எனக்குத் தெரியாதா? ஞானவேல் அண்ணன் போட்டிருக்கிறார். விலை, நாலாயிரத்து எண்ணூறு. கீழே, 'சொந்த வளர்ப்பு' என்று.

பியூலா அக்கா வாய்க்கு வந்தபடி திட்டினாள். இவள் அப்பாவும் பார்த்தார். "போ, போய் உன் அண்ணன்கிட்ட வாங்கிட்டு வா பாப்பம்" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். நாலாயிரத்து எண்ணூறு கொடுத்து ஒரு ஃபைட்டர் மீனை யாராவது வாங்குவார்களா? இது கடை, கூட்டமாக நின்று ஏற்றிவிட இங்கே ஆளே இல்லை. வாங்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரியாதா? யாரும் தொடக்கூடாது என்றுதான் அவ்வளவு விலை வைத்திருக்கிறார். விற்க நினைத்திருந்தால் இருநூறு முந்நூறு என்று போட்டிருப்பாரே. சொந்த வளர்ப்பு என்றால் என்ன தப்பு? இப்போது அவர்தானே தீனி போடுகிறார்?

வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்றா கேட்கிறீர்கள்?

இல்லை, இவள் அப்பாவுக்குத் தெரியாது. தடுப்பூசிக்குப் போகிறேன் என்று பியூலா அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அவன் வந்துவிட்டால் போதும். பெண் மீன்கள் மூன்று தயாராக இருக்கின்றன. ஒரு ஈடு பிறந்து, வீட்டில் குஞ்சு ஓடுவதைப் பார்த்தால் இவர் மனசு மாறிவிடும். எனக்குத் தெரியும், மாறிவிடும்.

காலையில் பஸ் ஏறுகிறதற்கு முன்னால் ஞானவேல் அண்ணனுக்கு எழுதினேன். 'அண்ணா, இன்றைக்கு விழுப்புரம் வருகிறேன்.' நீல டிக் விழுந்தது. படித்துவிட்டார். பதில் போடவில்லை. வேலையாக இருப்பார்.

என்ன கேட்கிறீர்கள்? அவர் அந்த விலையையே கேட்டால் என்ன செய்வேன் என்றா? கேட்க மாட்டார். சரி, கேட்டால். நீங்களே அவராக இருந்து கேளுங்கள், நான் சொல்லிப் பார்க்கிறேன். 'அண்ணா, நான்தான் அமுலு. அந்த மீன்...' இல்லை, இப்படி வேண்டாம். 'அண்ணா, நல்லா இருக்கீங்களா, வீட்டுல அண்ணி நல்லா இருக்காங்களா.' அப்புறம் அவரே உட்காரச் சொல்வார். உட்கார்ந்த பிறகு... உட்கார்ந்த பிறகு நான் ஜாடியைப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும் இல்லையா?

நீங்கள் நினைப்பது எனக்குப் புரியாமல் இல்லை அக்கா. நான் அவ்வளவு மக்கு இல்லை. ராத்திரியெல்லாம் அதையும்தான் நினைத்துப் பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டில், பண்ணையில், எங்கேயும், என் கையால் வளர்ந்த ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாய் அது ஒன்றுதான். இரண்டாயிரத்து அறுநூறு என்று சொன்ன வாய். அதுவே வேறு மாதிரி வாய் என்றால், நான் எதை நம்பிக்கொண்டு அந்த ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்? வேன் ஏறுவதைவிட அது எனக்குக் கஷ்டம் அக்கா.

விக்கிரவாண்டி டோல்கேட்டா இது? அப்படியென்றால் வந்துவிட்டோம். இருங்கள், அவன் போட்டோவை உங்களுக்குக் காட்டிவிடுகிறேன். இத்தனை நேரம் சொல்லிவிட்டு முகம் காட்டாமல் இருந்தால் எப்படி?

எங்கே காணோம்? நெட் இல்லையோ? அக்கா, நீங்கள் கொஞ்சம் பாருங்களேன், எனக்கு வேகமாகப் படிக்க வராது. ஞானவேல் என்று மேலே இருக்கிறதா? இருக்கிறதா? நீல மீன் இருக்கிறது, வெள்ளை இருக்கிறது. அந்தச் செம்பு நிறம் எங்கே? காலையில்கூடப் பார்த்தேனே, முதல் படமே அவன்தான். இல்லையா? நன்றாகப் பார்த்தீர்களா?

எடுத்துவிட்டார்! பாருங்கள், எடுத்துவிட்டார் அக்கா. நான் வருகிறேன் என்று எழுதினேன் இல்லையா, படித்துவிட்டு எடுத்து வைத்துவிட்டார். நான் வருகிறதற்குள் வேறு யாராவது கைவைத்துவிடப் போகிறார்களே என்று. விற்றிருப்பார் என்கிறீர்களா, அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? நான் சொல்லவில்லையா, அப்படிப்பட்டவர் இல்லை அவர். மோனிஷா, எழுந்திருடி. ஊர் வந்துவிட்டது, கண்ணைத் துடை.

அக்கா, ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? வெயில் அடிக்கிறதா? ஷட்டரை இறக்கிவிடட்டுமா?